கண்ணில் பட்டது ஸ்புட்னிக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய, உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1-ஐ மக்கள் வெறும் கண்ணால் கண்டதாகத் தங்கள் நாளிதழின் கட்டுரை கூறுகிறது. 58 சென்டிமீட்டர் விட்டமும் சுமார் 84 கிலோ எடையும் கொண்ட அந்த உலோக உருண்டை அப்படித் தெரிவது அரிது. பெரும்பாலோர் பார்த்தது, அதனுடன் சுற்றுப்பாதையை அடைந்த ராக்கெட்டின் மையப் பகுதியைத்தான். செயற்கைக்கோளை உலகம் காதால்தான் அறிந்தது. மின்கலம் தீரும்வரை, ஏறத்தாழ மூன்று வாரங்கள், அதன் 'பீப்' ஒலியை அமெச்சூர் வானொலி ஆர்வலர்களும் கேட்டார்கள்.

அமெரிக்கா உடனே ஈடுகொடுத்துவிட்டது என்று கட்டுரை சொல்வதும் பொருந்தாது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் வேன்கார்டு ராக்கெட் ஒரு மீட்டர் சொச்சம் எழும்பி, அப்படியே சரிந்து வெடித்தது. தெறித்து விழுந்த செயற்கைக்கோளோ தரையில் கிடந்தபடியே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது! 1958 ஜனவரி 31 அன்று சென்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர் 1 சுமார் 14 கிலோ எடையே கொண்டதாயினும், அதிலிருந்த, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியின் பதிவுகள்தாம் பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டைகளை அமெரிக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் கண்டறிய வழிவகுத்தன. அந்தத் தொடக்கக் கட்டத்தின் ஆகப் பெரிய அறிவியல் பலன் என்று நான் கருதும் இதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி