+91 எண்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு: தொலைத்தொடர்புத் துறைக்கும் டிராய்க்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தொலைபேசி எண்ணை இணைய முகவரியோடு பிணைக்கும் ‘ஈநம்’ பதிவேட்டை +91 எண்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். எல்லா எண்களுக்கும் ஒரே நாளில் வேண்டாம். மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் எண்களிலும், செவித்திறன் இல்லாதவர்கள் விரும்பிப் பதிந்துகொள்ளும் எண்களிலும் தொடங்கினால் போதும்.

அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இபிஏபிஎக்ஸ் எனும் உள் தொலைபேசி இணைப்பகங்களை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். இன்று நான் பொருத்தும் பெட்டிகள் பெரும்பாலும் ஐபி பெட்டிகள், அதாவது இணைய முறையில் இயங்குபவை. ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைப்பு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருக்கும் தொலைபேசியிலேயே குரல் இணையப் பொட்டலங்களாக, அதாவது சிறு தரவுத் துண்டுகளாக, மாறிவிடுகிறது. கேட்வே என்ற இடைமாற்றுக் கருவி அதைத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பில் ஏற்றுகிறது. மறுமுனையில் இன்னொரு கேட்வே அதை மீண்டும் பொட்டலங்களாக மாற்றி அங்குள்ள ஐபி தொலைபேசிக்கு அனுப்புகிறது. இரு கட்டடங்களிலும் கண்ணாடியிழை இணையம் இருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கும் காணொளி தெரியும், எழுத்துச் செய்தி தெரியும். ஆனாலும் குறுகிய அலைவரிசையில் குரல் மட்டுமே கடந்து போகிறது. எதிர்முனையின் எண் தெரியும், அதன் இணைய முகவரி தெரியாது என்பதுதான் காரணம். அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள நாட்டில் ஓர் இடமும் இல்லை.

விசாரிக்கும் முறை 2000-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. இன்று நடப்பில் உள்ள வடிவம் 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6116 என்ற இணையத் தர ஆவணம். நாடகங்களில் பயன்படுத்துவதற்கென்றே பிரிட்டன் ஒதுக்கிவைத்திருக்கும் லண்டன் எண் ஒன்றைப் பாருங்கள்: +44 20 7946 0148. இதிலுள்ள கூட்டல் குறியையும் இடைவெளிகளையும் நீக்கிவிட்டு, இலக்கங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி, இடையிடையே புள்ளி வைத்தால் 8.4.1.0.6.4.9.7.0.2.4.4.ஈ164.ஆர்பா என்று ஒரு களப்பெயர் (டொமைன் பெயர்) கிடைக்கிறது. தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடு இடப்பக்கம் இருக்கும். களப்பெயரில் பெரிய பிரிவு வலப்பக்கம் இருக்கும். அதனால்தான் இந்தத் திருப்பம். அந்தப் பெயரின்கீழ், இந்த எண்ணுக்கு இணையவழிக் குரல் முகவரி இது, மின்னஞ்சல் இது, முதலில் எதை முயல வேண்டும், அது கிடைக்காவிட்டால் எது என்று எண்ணுக்கு உரியவர் முன்னுரிமையோடு எழுதி வைக்கலாம். இணையதளப் பெயர்களைத் தேடித் தரும் அதே டிஎன்எஸ் இதையும் தேடித் தரும். புதிய கருவி எதுவும் வேண்டாம்.

ஈ164.ஆர்பா என்ற மேல்மட்டத்தை, ஐரோப்பா சார்ந்த இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி நடத்துகிறது. ஒரு நாட்டுக் குறியீட்டுக்கு உரிய கிளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாக அந்நாட்டு அரசின் கருத்து கேட்கப்படும். ஆகவே +91 கிளையைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முடிவு அரசின் கையில்தான் இருக்கிறது.

ஆஸ்திரியா 2004-ஆம் ஆண்டின் இறுதியிலும் ஜெர்மனி 2006-இலும் இந்தச் சேவையை வணிக அளவில் தொடங்கின. எதிர்பார்த்த அளவுக்கு அது அங்கே வேரூன்றவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் தோற்றது தொழில்நுட்பம் அல்ல. உங்கள் கண்காணிப்பில் இயங்கும் வோல்ட்இ (4ஜி வழிக் குரல் அழைப்பு) வலைப்பின்னல்களின் உட்புறத்தில், எண்ணை இணைய முகவரியாக மாற்றுவதற்கு இன்றும் இதே ஈநம் முறைதான் வகுக்கப்பட்டிருக்கிறது. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் மூடிய பதிவேடு அது. செய்திச் செயலிகளும் இதே வேலையைத் தனியாகச் செய்கின்றன. வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணைத் தேடினால், அந்த எண்ணுக்குக் கணக்கு இருக்கிறதா என்று அந்நிறுவனத்தின் பதிவேடு சொல்லிவிடுகிறது. எண்களை ஒதுக்குவது அரசு. அந்த எண்கள் இணையத்தில் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை மட்டும் தனியாரிடம் இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐரோப்பாவில் அன்று தொலைபேசி நிறுவனங்கள் ஆர்வம் காட்டாததற்கு ஒரு வலுவான காரணம் இருந்தது. ஓர் அழைப்பு இணையம் வழியாக நேரே போய்ச் சேர்ந்துவிட்டால், அழைப்பை முடித்துக்கொடுப்பதற்காக, அழைப்பைப் பெறும் நிறுவனம் அனுப்பும் நிறுவனத்திடம் வாங்கும் கட்டணம் போய்விடும். இந்தியாவில் அந்தக் கட்டணத்தை நீங்களே படிப்படியாக ஒழித்துவிட்டீர்கள். மொபைல் அழைப்புகளுக்கு நிமிடத்துக்கு 14 பைசாவாக இருந்தது 2017 அக்டோபரில் 6 பைசா ஆனது; 2021 ஜனவரி 1 முதல் சுழியம். இணையத் தொலைபேசிக்கான தடைகளைத் தளர்த்த 2017-இல் டிராய் பரிந்துரைத்தது. 2018-இல் துறை அதை ஏற்றது. ஆஸ்திரியாவுக்கு 2004-இல் அமையாத சூழல் நமக்கு இன்று அமைந்திருக்கிறது.

இந்த மடலில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது செவித்திறன் இல்லாதவர்களைப் பற்றி. அமெரிக்காவில் சைகை மொழியில் பேசுவோர் காணொளிக் கருவி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைப்பார்கள். அவர் எதிர்முனையில் இருப்பவரிடம் குரலில் பேசுவார். 2008 வரை அந்தக் கருவிகளுக்குப் பொதுவான தொலைபேசி எண் இல்லை. கருவியின் இணைய முகவரி அடிக்கடி மாறும்; மாறிய முகவரி சேவை நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை நேரே அழைப்பது பெரும்பாடு. காது கேட்கும் ஒருவர் தன் செவித்திறனற்ற சகோதரரை ஓர் எண்ணைச் சுழற்றி அழைக்க முடியாது. 2008-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அவர்களுக்கும் எல்லோரையும்போலப் பத்து இலக்க எண்களைக் கொடுக்கச் செய்தது. அந்த எண்களையும் கருவிகளின் அப்போதைய இணைய முகவரிகளையும் இணைக்கும் மையப் பதிவேடு ஒன்றை உருவாக்கியது. அது ஈநம் முறையில் இயங்குவது. அதன் பிறகு எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரும் எவரையும் எண்ணைக் கொண்டே அழைக்க முடிந்தது. நிறுவனத்தை மாற்றினாலும் எண் கூடவே வந்தது. பதிவுசெய்த முகவரி இருந்ததால் 911 அவசர அழைப்பும் உரிய இடத்துக்குப் போய்ச் சேர வழி பிறந்தது.

நம்மிடம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் எண்ணை அழைக்கும் செவித்திறனற்ற ஒருவருக்கு, அந்த எண்ணுக்குக் காணொளி முகவரியோ எழுத்து உரையாடல் முகவரியோ உண்டா என்று அவருடைய கருவி கேட்டறிய வழி இல்லை. அலைபேசி எல்லார் கையிலும் இருக்கும் நாட்டில் அவர் இன்னும் வேறொருவரை உடன் வைத்துக்கொண்டுதான் அழைக்க வேண்டியிருக்கிறது. தன் உடல்நலத்தையும் பணத்தையும் பற்றி அந்த இன்னொருவர் முன்னால்தான் அவர் பேச வேண்டும். எனக்கு இது பொறுக்கவில்லை.

அந்தரங்கம் குறித்து நியாயமான அச்சம் எழும். டிஎன்எஸ் பதிவுகள் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியவை; எண்களை வரிசையாகக் கேட்டு, கிடைக்கும் மின்னஞ்சல் முகவரிகளைச் சேகரித்து விற்க ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் தனிநபர் மொபைல் எண்களை முதல் கட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். செவித்திறனற்றோரின் பதிவேட்டை, அமெரிக்காவில் போல, அங்கீகரிக்கப்பட்ட சேவை நிறுவனங்கள் மட்டும் பார்க்கும்படி மூடியே வைக்கலாம். பொது நிறுவனங்களின் எண்கள் ஏற்கெனவே பெயர்ப்பலகையில் இருப்பவை. அவற்றை ஒளிக்கத் தேவையில்லை. யார் பதிந்தாலும் தெளிவான ஒப்புதல் வேண்டும், வேண்டாம் என்றால் உடனே நீக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அது பொருந்தும்.

கைமாறும் எண்கள் இதைவிடக் கடினமான சிக்கல். துண்டிக்கப்பட்ட மொபைல் எண் குறைந்தது 90 நாட்களுக்குப் புதியவருக்கு ஒதுக்கப்படுவதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. பழைய எண்ணில் இருந்த வாட்ஸ்அப் தரவை நீக்குவது சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. தனியார் செயலிகளில் அதற்குமேல் எதையும் கட்டாயப்படுத்துவது கடினம். பொதுப் பதிவேட்டில் முடியும். எண் துண்டிக்கப்பட்ட செய்தி வந்ததும் அதன் பதிவு தானாக அழிய வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் உரிமையை மறுபடி சரிபார்க்க வேண்டும். மொபைல் எண் பெயர்வுக்காக, அதாவது எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதிக்காக, ஏற்கெனவே மையத் தரவுத்தளங்களை நடத்திவருகிறோம். 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுவதும் பரவி, 2015 ஜூலையில் தொலைத்தொடர்பு வட்டங்களின் எல்லைகளையும் கடந்த திட்டம் அது. எண் இப்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று அழைப்புக்கு முன் கேட்டறியும் பழக்கம் நம் வலைப்பின்னல்களுக்குப் புதிதல்ல. அதே ஒழுங்கை இங்கும் கொண்டுவரலாம்.

இது மோசடி அழைப்புகளை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்டுவதைத் தடுக்க வேறு ஏற்பாடுகள் வேண்டும். ஆனால் தேடுபொறியில் கிடைத்த ஒரு ‘வாடிக்கையாளர் சேவை’ எண் உண்மையிலேயே அந்த வங்கியுடையதா என்பதை, டிஎன்எஸ்செக் எனும் டிஎன்எஸ் பாதுகாப்பு முறையில் கையொப்பமிட்ட பதிவைப் பார்த்து யாரும் உறுதிசெய்துகொள்ளலாம்.

எனவே, பொதுப் பயன்பாட்டு ஈநம் குறித்து ஒரு கலந்தாலோசனை அறிக்கையை டிராய் வெளியிட வேண்டும். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமின்றித் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும், சைகை மொழிக் காணொளியாகவும் வர வேண்டும். ‘.இன்’ என முடியும் இந்திய இணையப் பெயர்களின் பதிவேட்டை நடத்தும் அனுபவம் நிக்சி நிறுவனத்திடம் இருக்கிறது. சோதனைக் கட்டத்தை அதனிடம் ஒப்படைப்பதைத் துறை பரிசீலிக்கலாம். அரசு மருத்துவமனைகளின் தரைவழி எண்களில் அந்தச் சோதனை தொடங்கட்டும். செவித்திறனற்றோர் சங்கங்களின் பிரதிநிதிகளைத் திட்டக் குழுவில் முதல் நாளிலிருந்தே அமர்த்துங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
இபிஏபிஎக்ஸ் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்