மாடிப்படியை முதலில் காலி செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னையில் விபத்து என்றால் மணலி, எண்ணூர் ஆலைகள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மண்ணடியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களே அதிகம். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் பழைய கட்டடம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். இருட்டான நடை, அதில் இரண்டு பைக். அதைத் தாண்டினால் ஒரே ஒரு படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் மின் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். மீட்டருக்குக் கீழே இன்வெர்ட்டர், பேட்டரி. பேட்டரியை ஒட்டிக் கயிறு போட்டுக் கட்டிய பழைய ஃபைல்கள், காலி அட்டைப்பெட்டிகள், போன ஆயுத பூஜைக்கு வாங்கிய சீரியல் செட். மேலே மூன்று மாடியிலும் ஷிப்பிங், கிளியரிங், ஆடிட்டர், வக்கீல் அலுவலகங்கள். அத்தனை பேரும் இறங்கி வர வேண்டிய வழி இந்தப் படிக்கட்டு ஒன்றுதான்.

அலுவலகப் பாதுகாப்பு என்றதும் நாற்காலி உயரத்தையும் கம்ப்யூட்டர் திரையையும் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். அதுவும் தேவைதான். நம் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது படிக்கட்டு. அறைக்குள் தீப்பிடித்தால் படி வழியாக இறங்கிவிடலாம். படிக்கு அடியில் பிடித்தால் படிக்கூண்டே புகைபோக்கியாகிவிடும். ஜுவாலை முதல் மாடியைத் தொடுவதற்கு முன்பே புகை மூன்றாவது மாடிக்குப் போய்விடும். உயிரை எடுப்பதும் பெரும்பாலும் அந்தப் புகைதான்.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். தண்ணீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது, அதிலும் சார்ஜ் நிறைந்த பிறகு, உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றைவிட மிக லேசான வாயு என்பதால் நேரே மேலே போய்ப் படிக்கட்டின் அடிச்சரிவில் தங்கும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மீட்டர் போர்டு இருப்பதும் அதே சரிவில்தான். மெயின் சுவிட்சை ஏற்றி இறக்கும்போது ஒரு சின்னப் பொறி வரத்தான் செய்யும். வாயுவும் பொறியும் காகிதமும் ஒரே மூலையில் இருக்கின்றன. பேட்டரியை ஜன்னல் உள்ள இடத்துக்கு மாற்றுவதுதான் சரி. அதுவரைக்கும் படிக்கு அடியில் உள்ள அந்த இடத்தின் உச்சியில் காற்றுப் போக வழி செய்யுங்கள். கீழே ஓட்டை போட்டுப் பயனில்லை, வாயு இருப்பது மேலே. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். மிதவையில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் நின்றால் போதும். வழிய வழிய ஊற்றினால் ஆசிட் வெளியே வந்து டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும், அந்த இணைப்பு சூடாகும். ஸ்பேனரைத் தொடுமுன் மோதிரம், காப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனர் கைப்பிடியில் டேப் சுற்றியிருக்கட்டும். ஆசிட் சிந்தினால் நுரைப்பது நிற்கும்வரை சமையல் சோடா தூவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

அடுத்தது மீட்டர் போர்டு. பீங்கான் ஃபியூஸ் கேரியர் இன்னும் பல கட்டடங்களில் இருக்கிறது. அதில் தவறில்லை. தவறு அதில் சுற்றியிருக்கும் கம்பியில். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று ஒயரின் செம்பு இழைகளை இரண்டு மூன்றாக முறுக்கிப் போட்டிருப்பார்கள். உருகி அறுந்து போவதுதான் ஃபியூஸின் வேலை. அது அறுந்து போகாமல் பார்த்துக்கொண்டால் அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் ஒயர் உருகும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் லோடு அதிகம் அல்லது எங்கோ மின்கசிவு என்று பொருள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டுக்கு முன்னால் 1 மீட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அவசரத்தில் பைக்கின் மேல் சாய்ந்து எட்டி மெயினை அணைக்கும் நிலைமையில்தான் பல கட்டடங்கள் இருக்கின்றன.

ஃபைல்கள் ஏன் படிக்கு அடியில் வந்து சேருகின்றன? எதற்கும் இருக்கட்டும் என்ற பயம்தான் காரணம். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டியது 5 ஆண்டு. ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிழித்து எடைக்குப் போடலாம். 1998-ம் ஆண்டு ஷிப்பிங் பில் யாருக்கும் வேண்டாம், கரையானைத் தவிர.

எடை என்றதும் இன்னொன்று. 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 500 சேர்ந்தால் 2.5 கிலோ. அதை வைத்த பாக்ஸ் ஃபைல் ஏறக்குறைய 3 கிலோ. ஒரு தட்டில் 12 ஃபைல், ஐந்து தட்டு என்றால் 180 கிலோ, இரும்பு ரேக்கின் எடை தனி. இப்படி நாலு ரேக்கை அறையின் நடுவில் வைக்கிறார்கள். கீழே இருப்பதோ மெட்ராஸ் டெரஸ் தளம்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டியது. உத்தரம் வளைவது நடுவில்தான். அதனால் உத்தரத்தின் முனைகள் உட்கார்ந்திருக்கும் சுவரை ஒட்டி, பல உத்தரங்களின் மேல் பாரம் பரவுமாறு ரேக்கை வைக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனைகளைப் பாருங்கள். சுவரில் ஈரம் இறங்கியிருந்தால் மரம் உளுத்திருக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். இறங்கினால் ரேக்கை நகர்த்துவதோடு நிற்காமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டாக வேண்டும். ரேக்கின் தலையைச் சுவரோடு ஆங்கிள் வைத்து இறுக்குங்கள். கனமானவை கீழ்த் தட்டில். ஸ்டீல் கேபினெட்டில் மேல் டிராயர்கள் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் மொத்தமும் முன்னால் கவிழும்.

இனி அறைக்குள் போகலாம். எக்ஸ்டென்ஷன் போர்டு இல்லாத மேஜை இல்லை. நம் மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 230-ஐ ஆறால் பெருக்கினால் வரும் 1,380 வாட். டீ போட வாங்கிய கெட்டில் 1,500 வாட். கெட்டில் ஒன்றுக்கே போதாத போர்டில் பிரிண்டரையும் மானிட்டரையும் சேர்த்துச் செருகி, அந்தப் போர்டை இன்னொரு போர்டில் செருகியிருப்பார்கள். கெட்டில், மைக்ரோவேவ், ஏ.சி. மூன்றும் சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். அதற்கு வரும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஏ.சி.க்கு 4 இருந்தால் நல்லது. மிச்ச ஒயரை வளையமாகச் சுற்றிக் கட்டி வைப்பதும் ஆபத்து. சூடு வெளியேறாது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம், எங்கிருந்தோ மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம், இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த சாக்கெட் அன்றே மாற்றப்பட வேண்டும். காசிமேடு பக்கத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் மீன் வாடையைச் சட்டை செய்யமாட்டார்கள் என்பது தனிச் சிக்கல்.

கம்ப்யூட்டரின் சி.பி.யு. பெட்டியைத் தொட்டால் விறுவிறு என்கிறதா? பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஒரு சிறு மின்னோட்டத்தை எர்த்துக்கு அனுப்பும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது தெரியாமலே போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் மேல் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். அந்தச் சின்ன ஷாக் ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு ஒயர் உரிந்து பெட்டியில் பட்டால் மின்சாரம் இறங்க உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி இல்லை என்பதை அது இன்றே சொல்லிவிடுகிறது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது, டூ பின் அடாப்டர் போடுவது இரண்டையும் நிறுத்துங்கள். எம்.சி.பி. (தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்றால், அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டும். ஆளைக் காப்பாற்றுவது, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் மாற்றுங்கள்.

மழைக்காலம் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தரைத்தளத்துக்குள் புகுந்த தண்ணீர் எவ்வளவு நின்றது என்று சுவர்க் கறையைப் பார்த்தாலே தெரியும். சாக்கெட்டுகளும் இன்வெர்ட்டரும் அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும். தெருவில் தண்ணீர் ஏறும்போதே மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு அதில் நின்றுகொண்டு அணைக்கப் போகாதீர்கள், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லித் தெருவில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்து, 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்டினால்தான் மெயின் போடலாம். நனைந்த எக்ஸ்டென்ஷன் போர்டைக் காயவைத்துப் பயன்படுத்துவது வேண்டாத சிக்கனம்.

தீயணைப்பான் பல இடங்களில் சுவருக்கு அலங்காரமாகத்தான் தொங்குகிறது. பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், வாயு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டர், மின்பலகை தீக்கு இதுதான் ஏற்றது. அடிக்கும்போது வாயு வெளிவரும் அதன் கொம்பைக் கையால் பிடித்தால் குளிரில் தோல் வெந்துவிடும், கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். ஃபைல் எரிந்தால் ஏ.பி.சி. என்று எழுதியிருக்கும் பவுடர் சிலிண்டர். பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து, பக்கவாட்டில் வீச வேண்டும். சின்ன சிலிண்டர் பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாவிட்டால் வெளியேறுங்கள். அதனால்தான் சிலிண்டரை வாசலை ஒட்டி மாட்ட வேண்டும், உங்கள் முதுகுப் பக்கம் வழி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டையும் பூஜை அலமாரி விளக்கையும் அணைத்துவிட்டுப் பூட்டுவது யார் பொறுப்பு என்று ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள். எல்லோர் பொறுப்பும் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

விழுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் ஏறி ஃபைல் எடுக்கக் கூடாது, இரண்டு படி ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள். தேய்ந்த படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட், கரண்ட் போனாலும் எரியும்படி இன்வெர்ட்டர் லைனில் ஒரு பல்பு, கயிற்றுக்குப் பதில் இரும்புக் கைப்பிடி. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தினார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்தே இருப்பவர்களை எழுந்து நடக்கச் சொல்லச் சட்டம் தேவையில்லை, ஒரு டீ போதும்.

2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் எரிந்த கலச மகாலும் அலுவலகக் கட்டடம்தான். அங்கே தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். மண்ணடிச் சந்துகளுக்குள் தீயணைப்பு வண்டி வந்து சேருவதே பெரும்பாடு. 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த வீரர்களின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் நோட்டீஸ் கொடுப்பதோடு நிற்காமல், துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கும் இந்தத் தெருக்களில் ஒரு கட்டடத்தையாவது தேர்ந்தெடுத்து, மூன்றாம் மாடியிலிருந்து இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எல்லோரையும் இறக்கிப் பார்க்கத் தீயணைப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

படிக்கட்டு யார் பொறுப்பு என்பதில் வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் தீராத சண்டை. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே தீ முன்னெச்சரிக்கை பற்றிச் சொல்லிவிட்டது. மீட்டர்களைப் படிக்கு அடியிலிருந்து முன்சுவருக்கு மாற்ற மின்வாரியத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரே கட்டடத்தில் பத்து இணைப்பு இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கிறது. அக்டோபர் மழைக்கு முன் மண்ணடி, பாரிமுனை, ராயபுரம் பிரிவு அலுவலகங்களில் ஒரு நாள் முகாம் போட்டு, கட்டடம் மொத்தத்துக்கும் ஒரே விண்ணப்பமாக வாங்கிக்கொள்ள அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பணியிடப் பாதுகாப்பு, மின்பணித் துறைகளில் இருக்கும் வாசகர்கள்,
மண்ணடி, சென்னை – 1.