அதிரசத்தின் மேல் பழி போடாதே

அன்புள்ள பாப்பா,

எடை குறைக்கிற விஷயம் என்ன ஆச்சு என்று நேற்று போனில் கேட்டதற்கு "எல்லாம் போச்சுப்பா" என்றாய். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்படி என்ன போய்விட்டது? தீபாவளியன்று காலையில் இரண்டு அதிரசம் சாப்பிட்டாய். நானும்தான் பார்த்தேனே. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பதினோரு மணிக்கு, "இன்னைக்குக் கெட்டது கெட்டாச்சு" என்று முறுக்கு டப்பாவைத் திறந்தாய் பார், அங்கேதான் வழுக்கியது. பெங்களூர் போய் மூன்று வாரமாகியும் ஜிம் பக்கம் போகவில்லை என்கிறாய். அதற்கும் அதிரசமா காரணம்?

1975-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். கல்லூரிப் பெண்களுக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். வாயைக் கட்டாத பெண்கள் வயிறு நிறைந்ததும் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டி வந்தவர்கள்தான், மில்க்‌ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள்! விரதம் முறிந்துவிட்டது, இனி என்ன என்கிற எண்ணம்தான். படித்ததும் உன் முறுக்கு டப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

நான் மட்டும் யோக்கியமா? சர்க்கரை வந்த வருஷம் தினமும் நடந்தேன். ஐப்பசி அடைமழையில் பத்து நாள் நின்றது. மழை விட்டுவிட்டது, நான் கிளம்பவில்லை. கார்த்திகை தீபம் முடியட்டும், மார்கழிப் பனி போகட்டும், பொங்கல் கழியட்டும் என்றே ஓட்டினேன். மாசியில் ஷூவை எடுத்தால் உள்ளே பல்லி முட்டை. உன் அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவாள்.

இன்னொன்று. முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்தது என்று குதித்தாய். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கிற ஒரு வகைச் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தால் முதலில் அது கரையும். அந்த வேகத்தையே நீ கணக்காக வைத்துக்கொண்டாய். இரண்டாம் மாதம் முள் நகரவில்லை என்றதும் மனசு விட்டுப்போனது. எடை குறைந்த உடம்புக்குச் சக்திச் செலவும் குறைவு. கொழுப்பு குறையக் குறைய, பசியை அடக்குகிற லெப்டின் என்கிற ஹார்மோனும் இறங்கி, பசி ஏறும். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா கேட்கிறது என்று உன்னையே திட்டிக்கொள்கிறாயே, அந்தப் பசி உடம்பு கேட்கிற பசி பாப்பா.

லண்டனில் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்த ஓர் ஆய்வில், சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்துவிட்டது, சிலருக்கு 254 என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதகம் இல்லையாம். நீ ஒரு நாளுக்கே மூன்று வாரம் துக்கம் காத்திருக்கிறாய்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. இப்போதெல்லாம் குடையோடு பெருமாள் கோயில் வரைக்குமாவது போய்வருகிறேன். தெருநாய்கூட என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறது.

அம்மா பார்சலில் முறுக்கு வைத்திருக்கிறாள். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பாதியை ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடு. தினமும் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறேன். நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் கூப்பிடு, நீ அங்கே, நான் இங்கே, பேசிக்கொண்டே நடக்கலாம்.

அன்புடன்,
அப்பா