கிளினிக் வாங்கில் சந்தித்த அக்காவுக்கு

பெயர் கேட்க மறந்துவிட்டேன், அக்கா. தெல்லிப்பழையில், கிளினிக் வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். புற்றுநோயால் அம்மாவின் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்து ஒரு மாதம். உடம்பு தேறட்டும் என்று நான் குளுக்கோஸ் கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன். குடித்த கொஞ்ச நேரத்திலேயே வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம். நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்கிப் போயிருந்தோம்.

இனிப்புத் தண்ணீர் சிறுத்த இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் ஓடிவிடும், அதுதான் இப்படி என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தானாம். டொக்டரிடம் கேட்கவும் வைத்தீர்கள். அவரும் அதையே சொன்னார். அப்புறம் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரதம்: அவித்த முட்டை, பருப்பு, தயிர், விளைமீன் சொதியில் குழைத்த இடியப்பம். தண்ணீர் சாப்பாட்டோடு இல்லை, அரை மணித்தியாலம் கழித்துத்தான்.

போன கிழமை அம்மா தானாகவே "பசிக்குது பிள்ளை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாள்! குசினிக்குள் நின்று அழுதுவிட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகியும் நின்று நீங்கள் எழுதித் தந்த துண்டு இன்னும் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மிக்க நன்றி, அக்கா. உங்கள் அப்பா சுகமாக இருக்கிறாரா?