இரண்டு எண்களுக்கு நடுவே

அன்புள்ள நண்பா,

பேத்தி பிடிமானம் இல்லாமல் நிற்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது.

பிபி 160/70 என்று எழுதிவிட்டு, “முன்பு 85 இருந்த கீழ் அளவு இறங்கிவிட்டது, நல்லதுதானே” என்கிறாய். எனக்கு அதில்தான் நிம்மதி இல்லை. இரண்டுக்கும் நடுவே 90 இடைவெளி இருக்கிறதே, அதைப் பார். நம் வயதில் மேல் அளவு ஏறி, கீழ் அளவு இறங்கினால் பெரும்பாலும் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், விறைத்து வருகிறது என்றுதான் அர்த்தம்.

இதயம் சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடம் வாங்கிக்கொள்ளும். இதயம் தளரும்போது அதை முன்னே தள்ளும். கீழ் அளவைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தள்ளல்தான். இதயத் தசைக்குப் பெரும்பங்கு ரத்தம் போவதும் அந்த நேரத்தில்தான். இந்த நெகிழ்வைக் கொடுக்கும் எலாஸ்டின் நார் கருவிலும் சிறுவயதிலும் உருவானது. அப்புறம் உடம்பு அதை அநேகமாகச் செய்வதே இல்லை. நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. இழுபட்டு இழுபட்டு நார் அறுகிறது. பாரம் சுவரில் உள்ள கொலாஜன் என்ற விறைப்பான நார் மேல் விழுகிறது. ரத்தத்துச் சர்க்கரை அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது, சுவரின் நடு அடுக்கில் கால்சியம் படிகிறது. கொழுப்பு படிந்து அடைப்பது வேறு. கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவருக்கும் இது வரும்.

ஒவ்வொரு துடிப்பிலும் எழும் நாடி அலை, குழாய் விறைக்க விறைக்க வேகமாக ஓடும். இளம் வயதில் அது பெருந்தமனியில் நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்கள் கணக்கு. துடிப்பின் அடி தணியாமல் மூளை, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் வரை போய்விடும். என் கவலையெல்லாம் அதுதான்.

லண்டனில் 1870களில் பிரெடரிக் அக்பர் மொகமத் என்ற இளம் மருத்துவர், மணிக்கட்டு நாடியைக் கோடாக வரையும் கருவியை வைத்தே உயர் அழுத்தத்தை அடையாளம் கண்டார். கையில் பட்டை கட்டி அளக்கும் முறை வந்ததே 1896இல். மொகமத் 35 வயதில் போய்விட்டார், பாவம்.

அறுந்த நார் திரும்ப வராது. ஆனால் உப்பைக் குறைத்தாலும் தினமும் வேகமாக நடந்தாலும் விறைப்பு ஓரளவு தணியும். புகையை விட்டுவிட்டாய், அது பெரிய காரியம். மாத்திரையை நீயாகக் கூட்டாதே. மேலதைக் குறைக்கப் போய்க் கீழது ரொம்ப இறங்கிவிடக் கூடாது. ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு அளந்து இரண்டு எண்களையும் குறித்து வை. டாக்டரிடம் காட்டு, எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்