கோப்புகளின் தேதியை அழிக்காமல் மென்பொருளை மாற்றுங்கள்: மென்பொருள் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் அலுவலகக் கோப்புகளை வைக்கும் மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறப்போகிறோம் என்ற சுற்றறிக்கை பார்த்தேன். ஏழு வருடத்தில் இது நான்காவது. காரணங்களைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டீர்கள், அதைத் திரும்பக் கிளறவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பழைய கோப்புகள் வரும்போது அவற்றின் தேதி, திருத்தியவர் பெயர், முந்தைய பதிப்புகள் எல்லாம் கூடவே வர வேண்டும். அதைச் சரிபார்க்கும் வரை பழையதை மூடாதீர்கள்.

போன வாரம் தணிக்கைக்கு வந்தவர்கள், ஓர் ஒப்பந்தத்தில் கட்டண விகிதம் எப்போது மாறியது, யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கோப்புறையைத் திறந்தேன். 41 கோப்புகள். 'இறுதி', 'இறுதி 2', 'இறுதி திருத்தியது', 'இதுதான் இறுதி'. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி: போன முறை மென்பொருள் மாறிய ஞாயிற்றுக்கிழமை. திருத்தியவர் என்ற இடத்தில் 41 முறையும் 'மைக்ரேஷன் அட்மின்', அதாவது கோப்புகளை இடம் மாற்றிய நிர்வாகக் கணக்கின் பெயர். சரி, ஒப்புதல் மின்னஞ்சலையாவது பார்ப்போம் என்று தேடினேன். அதில் கோப்பு இல்லை, லிங்க்தான் இருந்தது. "கோப்பை அட்டாச் செய்யாதீர்கள், லிங்க் அனுப்புங்கள்" என்று பயிற்சி வகுப்பு எடுத்ததே நீங்கள்தான். நாங்களும் ஒழுங்காகக் கேட்டோம். அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்று வருகிறது.

கடைசியில் அந்த ஒப்பந்தம் கிடைத்தது, ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் அலமாரியில். கணினியை நம்பாமல் அவர் அச்செடுத்து வைத்திருந்த தாள். அதற்காக அவரை எத்தனை முறை கிண்டல் செய்திருப்போம்!

சந்தை மாறுகிறது, தேவை மாறுகிறது என்பது எனக்கும் புரிகிறது. 1989-இல் வந்த லோட்டஸ் நோட்ஸ் என்ற அலுவலக மென்பொருள் 1995-இல் ஐபிஎம் கைக்கும் 2019-இல் எச்சிஎல் கைக்கும் போனது. கூகுள் வேவ் என்ற கூட்டாக வேலை பார்க்கும் கருவி 2009-இல் ஆரவாரமாக அறிவிக்கப்பட்டது, அடுத்த வருடமே கைவிடப்பட்டது. மெட்டாவின் வொர்க்பிளேஸ் என்ற அலுவலகத் தொடர்புத் தளம் மூடப்படும் என்று 2024-இல் சொல்லிவிட்டார்கள். 2020-இல் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது எல்லாருக்கும் வீடியோ கூட்டம் வேண்டியிருந்தது, இப்போது எல்லாருக்கும் செயற்கை நுண்ணறிவு வேண்டியிருக்கிறது. நாளைக்கு வேறொன்று வரும். நாம் வாங்கும் எதுவும் நிரந்தரம் இல்லை என்று தெரிந்தும், உள்ளே நுழையும் டெமோவை மட்டும் இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். வெளியே போகும்போது நம் கோப்புகளை எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று விற்பனைக்கு வந்தவரிடம் யாராவது கேட்டீர்களா?

புது மென்பொருளில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருக்கிறதாம், கேட்ட கோப்பை நொடியில் தேடித் தருமாம். ஒரே தேதி, ஒரே பெயர் போட்ட 41 கோப்புகளைப் பார்த்து அது என்ன சொல்லும்? "மைக்ரேஷன் அட்மின் அந்த ஞாயிறு கடுமையாக உழைத்திருக்கிறார்" என்று வேண்டுமானால் சுருக்கம் எழுதும்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டது.

பதிப்பு வரலாற்றையும் சேர்த்து எடுத்துவரும் வசதி, கோப்புகளை இடம் மாற்றும் கருவிகள் பலவற்றில் இருக்கிறது. நேரமும் இடமும் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு புதிதில் இல்லாததால், அவர்கள் திருத்தியதெல்லாம் அட்மின் பெயரில் ஏறிவிடுகிறது. பழைய பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால் இதையும் பெருமளவு தவிர்க்கலாம். தயவுசெய்து இந்த முறை டிக் போடச் சொல்லுங்கள். தேதியும் பெயரும் பதிப்புகளும் வரட்டும். ஒவ்வொரு பிரிவும் இருபது கோப்புகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பழையதை மூடலாம்.

எங்கள் பிரிவுக்கு யார் சரிபார்ப்பது என்ற கேள்வி வந்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் நான் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்தப் பிரிவு ஊழியர் ஒருவர்