பாய்லர் அறையை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஸ்காட்லாந்துக் கடலோர விஸ்கி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடல்காற்று, உப்பு வாசம், பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் மக்கிய தாவரக் கரி) புகை என்று ரசித்து எழுதியிருக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. ஆனால் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை எரியும் பாய்லர் பக்கத்தில் 28 வருஷம் நின்றவன். அதனால் நான் தேடியது வேறு. பானைக்கு அடியில் எதை எரிக்கிறார்கள்? ‘பசுமை வடிசாலை’ என்று தலைப்பு வைத்த கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிங்கிள் மால்ட் விஸ்கி என்பது முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில் செம்புப் பானையில் வடிப்பது. முதலில் முளைகட்டிக் காயவைத்து அரைத்த பார்லியை ஊறவைக்க வெந்நீர் வேண்டும். அப்புறம் புளித்த ஊறலில் ஆல்கஹால் சுமார் 8 சதவீதம்தான். அதை 70 சதவீதம் பக்கம் கொண்டுபோக இரண்டு தடவை காய்ச்ச வேண்டும். எரிபொருளில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு அடுப்பு வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே, மல் தீவுக்கு எதிர்க்கரையில், மார்வெர்ன் தீபகற்பத்தில் ‘நூக்நீயன்’ என்றொரு சின்ன வடிசாலை இருக்கிறது. 2017-இல் வடிக்க ஆரம்பித்து, 2020-இல் முதல் விஸ்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இயற்கை வேளாண்மையில் விளைந்த பார்லி, பழைய கண்ணாடியை உருக்கிச் செய்த பாட்டில், எல்லாம் சரி. எனக்குப் பிடித்தது பாய்லர்தான். பக்கத்துக் காட்டு மரத்தின் சில்லுகளைப் போட்டு எரிக்கிறார்கள். 2021-இல் ‘நெட் ஜீரோ’ (வெளியிடும் கரியமில வாயுவைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டுவது) சான்றும் வாங்கினார்கள். அந்தச் சான்று வடிசாலையின் சொந்த வேலைக்கு மட்டும்தான். பார்லி விளைவிப்பதும் பாட்டில் செய்வதும் அந்தக் கணக்கில் வராது. இதைச் சொல்லாமல் ‘பசுமை’ என்று எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சந்தேகம். எங்கள் ஆலையில் மழையில் சக்கை நனைந்த நாளில், புகைபோக்கியில் வெள்ளைப் புகை கிளம்பும், நீராவி மீட்டரின் முள் கண்ணெதிரே இறங்கும். மார்வெர்ன் கரையில் மழைக்குப் பஞ்சமே கிடையாது. மரச்சில்லை எங்கே, எப்படிக் காயவைக்கிறார்கள்?

கடலோரம் என்றதும், பீப்பாயில் கடல்காற்று ஏறி உப்புச் சுவை வருகிறது என்று எழுதுவதும் கொஞ்சம் அதிகம். இஸ்லே தீவின் கல் ஈலா வடிசாலை, வடித்ததில் பெரும்பகுதியைத் தீவில் வைப்பதே இல்லை. ஸ்காட்லாந்தின் உள்நிலக் கிடங்குகளில்தான் அது ஊறுகிறது. அதே தீவில் பௌமோர் வடிசாலையின் கழிவு வெப்பத்தில் ஊர் நீச்சல் குளத்தையே சூடாக்குகிறார்கள், அதுவும் அவர்களுடைய பழைய கிடங்குக்குள். இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்!

கட்டுரையாளர் மறுபடி அந்தப் பக்கம் போனால், ருசி பார்க்கும் அறையோடு திரும்பிவிடாமல் பாய்லர் அறைக்கும் ஒரு எட்டு போய்வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் பணியாளர் ஒருவர்,
கடலூர்.